முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழே

வால்வு இடைவெளி பார்க்குமுன்
எஞ்சின் முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழே
ஆறியிருக்க வேண்டும் என்கிறது கையேடு.
எழுதியவர் மே மாதத்துத் திருநகரில்
ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டார்.
இங்கே நிழலுக்கே நாற்பத்தொன்று.
பகலெல்லாம் குடித்த வெயிலைப்
பரங்குன்றத்துப் பாறை
ராத்திரி முழுக்க எங்கள் பக்கம் ஊதும்.

மூன்றரைக்கு எழுந்தேன்.
கொரோனாவில் வங்கி வாசலில்
வந்த நெற்றிகளையெல்லாம் சுட்ட வெள்ளைத் துப்பாக்கி,
யாரும் திருப்பிக் கேட்காதது,
அதைச் சிலிண்டர் ஹெட்டுக்கு நேரே நீட்டினேன்.
முப்பத்தாறு புள்ளி நாலு.
காய்ச்சல் இல்லை. உள்ளே போகலாம்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்து ஹோண்டா சிட்டி வீடெக்.
விருதுநகர் எண்ணெய் மண்டிக்காரர் மகனுக்கு வாங்கி,
மகன் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து விற்றது.
முள் ஐயாயிரத்தைத் தொடும்போது அதற்குக் குரல் உடையும்.
அந்தக் குரலுக்காகத்தான் நகைச்சீட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.
வளையல் வாங்கியிருந்தால் இவ்வளவு செலவு வைத்திருக்காது.

டார்ச் பிடித்தது அருமைநாதன்.
மில் மூடி மூன்று மாதம்.
நான் எந்நேரம் எழுந்தாலும் முன்னாலேயே எழுந்து
டீ போட்டு வைத்திருக்கிறார்.
எனக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
“சத்தமே இல்லையே, எதுக்குப் பிரிக்கிற?”

டாப்பெட் கவரைத் தூக்கினேன்.
கருப்பட்டிப் பாகு நிறத்தில் எண்ணெய்.
முன்சக்கரத்தை ஒடித்து, இடுக்கில் கையை விட்டு
கிராங்க்கைச் சுற்ற வேண்டும், இடப்பக்கமாக.
பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே வலம் வருகிற மலையடியில்
இது ஒன்றுதான் இடம் சுற்றுகிறது.

தகடு லேசாகப் பிடித்துக்கொண்டே நழுவ வேண்டும்,
கட்டுக்குள்ளிருந்து ஒற்றை நோட்டை உருவுவது போல.
அது எனக்குத் தெரியும்.
இருபது வருடம் கேஷ் கவுண்டர்.

ஒன்றாம் சிலிண்டர் சரி.
மூன்றில், எக்ஸாஸ்ட் பக்கம், கடைசி வால்வில்
தகடு நுழையவில்லை.
அதைவிட மெல்லியதும் நுழையவில்லை.

பானெட்டுக்குள் தலையை வைத்தபடியே சொன்னேன்:
லூஸான வால்வு கத்தும், ஊருக்கே தெரியும்.
இறுகினது கத்தாது.
முழுசா மூடவும் மூடாது.
ஓரம் ஓரமா எரிஞ்சுகிட்டே இருக்கும்.

வெளிச்சம் நட்டிலிருந்து நகர்ந்து
என் கை மேல் வந்து நின்றது.
“எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல, ரெஜினா.
கிறிஸ்துமஸ்லருந்து.”
“மில் மூடுனது பிப்ரவரியில.”
“கணக்கு எங்கிட்டதான இருந்துச்சு.”

லாக்நட்டைத் தளர்த்தினேன்.
ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னால்.
இறுக்கும்போது அதுவும் கூடவே திரும்பிவிட்டது.
மறுபடி.
மறுபடி.
நாலாவது தடவை தகடு பிடித்துக்கொண்டு நழுவியது.
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது, குடித்தேன்.

பதினாறையும் முடித்து மூடும்போது
தெருமுனையில் தண்ணீர் லாரி, குடங்களின் சண்டை.
சாவியைத் திருப்பினேன்.
டிக் டிக் டிக் டிக்.
அவர் முகம் சுருங்கியது.
“கெடுத்துட்டியா?”
“இல்ல. இப்பத்தான் சரி.”

கப்பலூர் தாண்டி அவரையே ஓட்டச் சொன்னேன்.
இரண்டாவது கியர். நாலாயிரம். நாலாயிரத்து ஐந்நூறு.
குரல் உடையச் சற்று முன்னால் காலை எடுத்துவிட்டார்.
பெட்ரோல் விற்கிற விலைக்கு, என்றார்.

சரி என்றேன்.
ஓரங்கட்டி நிறுத்தினோம், விசிறி ஓடி அடங்கியது.
டேஷ்போர்டில் கிடந்த வெள்ளைத் துப்பாக்கியை எடுத்து
அவர் நெற்றிக்கு நேரே நீட்டினேன்.
எண் வருவதற்குள்
சிரித்துக்கொண்டு
கையைத் தட்டிவிட்டார்.