கருவி கட்டிய ஞாயிறு

ஓடீலின் மார்பில் ஐந்து ஒட்டுகள், ஐந்து கம்பிகள்,
இடுப்பில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி.
சனிக்கிழமை மாட்டினார்கள். திங்கள் காலைவரை கழற்றக்கூடாது,
குளிக்கக்கூடாது.
கூடவே ஒரு சிறு நோட்டு:
எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள்,
என்ன உணர்ந்தீர்கள்.

முப்பத்தெட்டு வருடமாக நான் கேட்டுப்
பதில் வராத கேள்விகள்.
ஆஸ்பத்திரி கேட்டதும் பேனா தேடுகிறார்.

எட்டு ஐந்து: எழுந்தேன்.
எட்டு இருபது: காப்பி, பால் இல்லாமல்.
(பால் இருந்தது.)
ஒன்பது: படி ஏறினேன். ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பது அவருடைய தாய்மொழி,
பிளெமிஷ் அதற்கு அப்புறம்தான்.

இன்று சைக்கிள் பந்தயம்.
ஒவ்வொரு ஏப்ரலிலும் மடக்கு நாற்காலியும் கம்பளியுமாகத்
தெருமுனைக்குப் போய் உட்காருவோம்,
இருபது நொடியில் கடந்துவிடும்
நூற்றெழுபது முதுகுகளுக்காக.
இந்த வருடம் டிவி போதும் என்று
கென்ட்டிலிருந்து மகளின் உத்தரவு.
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
ஹெலிகாப்டர் முதலில் வானத்தில் கேட்கும்,
கொஞ்சம் பொறுத்துத்தான் டிவியில்.

இறைச்சி மார்னிக்ஸ் கடையில் வாங்கியது.
நேற்று அவன் கடைக் கண்ணாடியில்,
தொங்கும் தொத்திறைச்சிகளுக்கு நடுவே,
இளைய மகன் யோரனின் படம்:
எண் நூற்றுப் பதினெட்டு, பரு ஆறாத கன்னம்.
எடைக்கு மேலே ஒரு துண்டு போட்டான் மார்னிக்ஸ்.
"விழாமல் வந்தால் போதும்" என்றான்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணிவிட்டு.

வெங்காயம் சிவக்க வதங்கியது.
கறுப்பு பியர் ஒரு பாட்டில், பிரிஞ்சி இலை,
கடுகு தடவிய ரொட்டியைக் குப்புறக் கிடத்தி மூடினேன்.
மூன்று மணி நேரத்தில் ரொட்டி இருந்த இடமே தெரியாது,
குழம்பு மட்டும் கெட்டிப்பட்டிருக்கும்.
உப்பை விரல் நுனியில் எடுத்தேன்,
பாதியை டப்பாவில் உதறினேன்.
கடுகிலேயே உப்பு இருக்கிறதே என்று
மீதியையும் உதறினேன்.
உருளைக்கிழங்கை இனிமேல் பொரிக்கக்கூடாதாம்.
அவியட்டும்.

நாலு மணிக்கு மேல் யோரன் தனியாகப் பிரிந்தான்.
கல் பாவிய மேட்டில், எல்லோருக்கும் முன்னால்,
நம் இறைச்சிக்கடைப் பையன்!
வர்ணனையாளருக்கு அவன் பெயர் வாயில் நுழையவில்லை.
நான் மேட்டைப் பார்க்கவில்லை,
ஓடீலின் காதுக்குக் கீழே துடித்த நரம்பைப் பார்த்தேன்.
அப்போது எங்கள் கூரைமேல் ஹெலிகாப்டர்.
அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுத்தன.

வழக்கம்போல் இருங்கள் என்றுதானே சொன்னாள் அந்த நர்ஸ்.
வீட்டுச் செருப்போடு ஓடினார்,
சட்டைக்கு வெளியே ஒரு கம்பி ஆட,
பின்னால் நான், கையில் கரண்டி.

மூன்று நொடி இருக்கும்.
திறந்த வாய், மூக்குச் சளி, முழங்கால்வரை சேறு,
முகத்தில் அப்பனின் அதே பயம்.
"போடா மார்னிக்ஸ் மகனே, போடா!"
என்று ஒரு குரல்.
இத்தனை வருடத்தில் அது எனக்குப் புதுசு.

பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டிப் பிடித்துவிட்டார்கள் அவனை.
அறுபத்து மூன்றாவதாக வந்தான். விழவில்லை.

வீட்டுக்குள் கருகல் நாற்றம்.
ரொட்டியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.
உப்பு போதவில்லை என்று அவரும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.
நோட்டில் நான்கு முப்பத்தேழுக்கு நேரே வெறும் கோடு.
எழுதுங்கள் என்றேன்.
ஒன்றுமில்லை என்றார்.
நானே எழுதினேன்:
ஓடினார். கத்தினார். கண் கலங்கியது. உருளைக்கிழங்கு தீய்ந்தது.
கண் கலங்கியதை மட்டும் அடித்துவிட்டு
மேலே "காற்று" என்று திருத்தினார்.

இப்போது மணி இரண்டு.
போர்வைக்குள் பச்சை விளக்கு மினுக்குகிறது.
அவர் மூச்சு தூங்குகிறவர் மூச்சு இல்லை.
நோட்டில் இரவுக்கென்று ஒரே வரி,
நன்றாக உறங்கினேன்.
அதை அவர் சாயங்காலமே எழுதி வைத்துவிட்டார்.