சுமை ஏறும்போது

பேட்டரி முனையில் பன்னிரண்டு புள்ளி ஏழு.
ஃபியூஸுக்கு உயிர் இருந்தது.
ஆனாலும் எஞ்சினுக்குச் சாவி திருகியதும்
எக்கோத் திரை நீலமாய் விழித்து
கம்பெனிப் பெயரில் பாதியைக் காட்டிவிட்டுச்
செத்துப்போனது.

சனியன் என்பதற்குக் கார்ன்வாலிலும் ஒரு சொல் உண்டு.
டென்சில் ட்ரெகியர் அதை மூன்று முறை சொன்னான்.

நியூலின் துறைமுகத்தில் வற்றம்.
மணி நாலரை.
'மோர்வென்னா' கல்சுவரை ஒட்டித் தாழக் கிடந்தது.
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
பதினாலு படி ஏணியில் இறங்கியிருந்தேன்.
ஐந்து நாள் காற்றுக்குப் பிறகு
இன்று ஒரு நாள்தான் கடல் விடுப்பு கொடுத்திருக்கிறது.
போன முறை குத்துமதிப்பாய்த் தூண்டில் போட்டு
ஆறு மணி நேரத்துக்கு ஒரே பெட்டி கானாங்கெளுத்தி.
மெஷின்தான் போச்சு என்றான்.
புதுசு தொள்ளாயிரம் பவுண்ட்.
கேட்லாக்கில் அந்தப் பக்கத்தின் முனை
ஏற்கெனவே மடிந்திருந்தது.

பிளக்கைக் கழற்றி அளந்தேன்.
அங்கேயும் பன்னிரண்டு புள்ளி ஏழு.
இப்படித்தான் ஏமாற்றும்.
வேலை கொடுக்காதவரை
எந்தக் கம்பியும் யோக்கியன்.
மீட்டர் கேட்பது ஒரு சொட்டு.
ஒரு சொட்டை யார்தான் தரமாட்டார்கள்.

பையில் எப்போதும் ஒரு கார் ஹெட்லைட் பல்பு இருக்கும்.
அதைப் பிளக்கில் மாட்டினேன்.
கண்வலி வந்தவன்போல் மங்கிச் சிவந்தது.
ஒன்பது புள்ளி இரண்டு.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.
பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில்
யாரோ உட்கார்ந்து தின்கிறார்கள்.

சிவப்புக் கம்பியின் இரு நுனியிலும் முள் வைத்தேன்:
புள்ளி ஒன்று. சுத்தம்.
கறுப்புக்கு வைத்தேன்:
மூன்று புள்ளி மூன்று.
போகிற வழியில் குற்றமில்லை,
திரும்பி வருகிற வழியில்தான்.

கறுப்பைப் பிடித்தபடி தவழ்ந்தேன்.
படுக்கைப் பலகைக்குக் கீழே,
தேயிலைப் பெட்டிக்கும் ஒற்றைக் கையுறைக்கும் பின்னால்,
அடித்தண்ணீர் பம்பு மூச்சுவிடும் மூலையில்
ஒரு முடிச்சு.
கறுப்பு நாடா சுற்றியது.
இடுக்கில் பச்சை மாவு கசிந்திருந்தது.
பல்குத்தும் குச்சிபோல் ஒடிந்தது செம்பு.

நாடாவின் நுனி
உள்ளே ஒரு நகம் அளவு மடித்து விடப்பட்டிருந்தது,
பிறகு பிரிக்கச் சுலபமாக.
இந்தத் துறைமுகத்தில் அந்தப் பழக்கம்
ஒருத்திக்குத்தான் உண்டு.

நவம்பர். சாய்ந்தடித்த மழை.
சுருங்கும் ரப்பர் குழாய் தீர்ந்துபோயிருந்தது.
விரல் எது கம்பி எது என்று தெரியவில்லை.
அடுத்த வாரம் வந்து ஒழுங்காய்ப் போடுகிறேன்
என்று சொன்னது நான்தான்.
அடுத்த வாரத்தைப் பென்சான்ஸில்
ஒரு ஹோட்டலின் ஐஸ்பெட்டி எடுத்துக்கொண்டது.

"உப்புதானே?" மேலிருந்து கேட்டான்.
உப்பு என்றால் முடிந்தது.
இந்தக் கரையில் எல்லாப் பழியையும்
உப்பு வாங்கிக்கொள்ளும், மறுபேச்சே இல்லை.
வாயைத் திறந்தேன்.
டார்ச் கீழே விழுந்தது.
இருட்டில் சொல்வது கொஞ்சம் லேசாக இருந்தது:
"இல்லை. இது நான் போட்ட முடிச்சு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பம்பு இரண்டு முறை இருமியது.
பிறகு காகிதம் கிழியும் சத்தம்,
கேட்லாக் பக்கம்தான்.
அதைச் சுருட்டி
ஆடிக்கொண்டிருந்த ஜன்னலில் செருகினான்.

பச்சை போகும்வரை வெட்டினேன்,
முழங்கை நீளம் போயிற்று.
ஈயம் பூசிய புதுக் கம்பி.
இடுக்கியில் நெரித்து, இழுத்துப் பார்த்து,
மறுபடி இழுத்துப் பார்த்து,
குழாய்க்கு லைட்டர் காட்டினேன்.
பல்பு கண்ணைக் கூசியது.
பன்னிரண்டு புள்ளி நாலு.

எஞ்சின் கனைத்தது.
திரை சிமிட்டவில்லை.
கீழே இரண்டு மீட்டர் தண்ணீர், பிறகு சேறு,
சேற்றின் மேல் வளைவாய் ஏதோ ஒன்று.
மீனா என்றேன்.
டயர் என்றான்.
எத்தனையோ வருஷமாய் அங்கேதான் கிடக்கிறதாம்.

பில்லில் கூலிக்கு நேராகச் சைபர் போட்டேன்.
கம்பிக்கு மட்டும் நாலு பவுண்ட்;
அதையும் அடிக்கலாமா என்று யோசித்து
அடிக்கவில்லை.

ஏறும்போது ஏணியில் பத்துப் படிதான்.
நாலைத் தண்ணீர் எடுத்திருந்தது.