கணக்கில் வராத காய்

பகவதிபுரம் தாண்டி
குகை வாயிலின் ஈரப் பாறையில்
ஒன்பது செடிகள். ஐப்பசியில் பூப்பவை.
குகைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவை ஒட்டி,
அறுபத்தொன்று. ஆடியிலேயே பூத்து முடித்துவிடும்.
அதே காட்டுக் காசித்தும்பை, அதே இளஞ்சிவப்பு,
அதே வளைந்த தேன்வால்.
வளைவில் மட்டும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்.
அந்த அரை மில்லிமீட்டரில்தான்
மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன்.

மலையைக் குடைந்து
நூறு வருடத்துக்கு மேலாக ரயில் போகிறது.
முந்திரி போயிருக்கிறது, மிளகு வந்திருக்கிறது,
லாட்டரிச் சீட்டும் காய்ச்சலும்
இருமுடிக் கட்டும் போய் வந்திருக்கின்றன.
ஒரு மகரந்தத் துகள் போனதில்லை.
தேனீக்குக் குகை இருட்டு ஆகாது.
ஆனாலும் என்ன,
அங்கே கடை அடைத்து மூன்று மாதம் கழித்துத்தான்
இங்கே திறக்கிறார்கள்.

மழைதான் பிரித்தது என்பது என் கட்சி.
இடவப்பாதி அங்கே கொட்டித் தீர்த்து
மிச்சத்தைச் சாரலாக இங்கே உதறும்.
இந்தப் பக்கத்துக்கென்று பெய்வது ஐப்பசியில்தான்.
மழையைப் பார்த்துப் பூக்கிற செடி
எந்த மழையை நம்பும்?
ஆளுக்கொன்றை நம்பி
எத்தனை ஆயிரம் வருடமோ.

கட்சி ஜெயித்தால் ஒன்பதும் தனி இனம்.
தனி இனமென்றால் சிவப்புப் பட்டியல், ஒரு பலகை,
களைக்கொல்லி வண்டி இந்த இடத்தில்
வாயை மூடிக்கொண்டு போகும்.
தோற்றால்
எழுபதில் ஒன்பது போச்சு, அவ்வளவுதான்.

ஆடியில் எடுத்த மகரந்தத்தை
செங்கோட்டை ஐஸ்கிரீம் கடையில்
பிஸ்தா குல்ஃபிக்குப் பின்னால் உறைய வைத்திருந்தேன்.
ஜமால் முகைதீன் வாடகை கேட்கவில்லை.
"இது என்ன ஃபிளேவர்?" என்று மட்டும் கேட்டார்.
ஐப்பசி பதினொன்றில்
கண்ணாடிச் சில்லில் கொஞ்சம் முளைக்க வைத்துப் பார்த்தேன்.
உயிர் இருந்தது.
நாற்பத்திரண்டு பூவில் மகரந்தப்பை கிள்ளி,
அந்தப் பக்கத்தைத் தடவி,
மல்துணியில் முடிந்தேன்.

ரயில் வரும்போது பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.
கீமேன் கோமதிநாயகம் முன்கூட்டியே கை காட்டுவார்.
"ஆடுகூடத் தின்னாதே இதை" என்றார் முதல் நாள்.
சுத்தியலால் தண்டவாளத்தைத் தட்டித் தட்டிக்
காது கொடுத்து நடக்கிறவர்.
"பார்த்தா ஒரே இரும்புதான் மேடம்,
தட்டினாத்தான் ரெண்டுன்னு தெரியும்."

மூன்று வாரம்.
நாற்பத்தொன்று உதிர்ந்தது.
ஒன்று காய்த்தது.

நகக்கண் நீளப் பச்சைக் காய்.
துணிக்குள் நாளுக்கு நாள் பருத்தது.
எனக்கு அதைப் பிடிக்கவில்லை.
ஏறி வரும்போதெல்லாம்
இன்றைக்காவது வாடியிருக்கட்டும் என்று நினைத்தேன்,
விண்ணப்பத்தில் ‘பாதுகாப்பு’ என்று
பதினான்கு இடத்தில் எழுதியவள்.

கார்த்திகை ஆறு.
துணியை அவிழ்த்து
அளக்கத்தான் போனேன்.
காசித்தும்பைக் காய் தொட்டால் வெடிக்கும்.
பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.

சரளைக் கல்லில் விதை விழுந்தால்
சத்தம் கேட்காது.

கொல்லம் வண்டியின் அதிர்வு என்று எழுதலாம்.
காற்று என்று எழுதலாம்.
கோமதிநாயகம் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.
"எத்தனை விதை?"
"தெரியல."
சுத்தியலைக் கீழே வைத்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். நானும் புரட்டினேன்.
அடுத்த வண்டி வரும்வரை.
ஒரு விதை கிடைத்தது,
அதுவும் ஓர் எறும்பு பாதி தூரம் இழுத்துப் போயிருந்தது.
மீட்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள்
கல்லிடுக்கில் இறங்கிவிட்டது.

நோட்டில் பென்சிலால்:
காய் 1. விதை எண்ணப்படவில்லை.
காரணம், என் விரல்.
அதற்கென்று அட்டவணையில் கட்டம் இல்லை;
ஓரத்தில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மருந்து வண்டி வருகிறதாம்.
பலகை இல்லை, பட்டியல் இல்லை,
டிரைவர் தெரிந்தவர், சொன்னால் கேட்பார் என்கிறார்.
"எங்கே இருந்து எங்கே வரைக்கும் மூடச் சொல்ல?"

ஒன்பதுக்கு நேராகக் கை நீட்டினேன்.
பிறகு
கையைச் சரளைப் பக்கமும்
கொஞ்சம் அகட்டினேன்.