மணிக்கு அறுநூறு

பம்பலப்பிட்டியில் மூன்றாம் மாடி,
யன்னல் இல்லாத அறை.
கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போன பிறகு
அவருடைய வயல்
என் இரண்டு திரைகளில் விடிகிறது.

கோப்பு ஏழு. முரசுமோட்டை.
இராசநாயகம் தவபாலன், வயது நாற்பத்திநாலு.
முதல் காட்சியில்
நீல ரீசேட்டும் தொப்பியுமாக
மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்,
காதில் போன்.
இரண்டாவதில் தொப்பி இல்லை.
மூன்றாவதில் ரீசேட்டும் இல்லை.
தலையில் சிவப்புக்கரைத் துவாய்.
புறக்கோட்டையில் வாங்கியது, எனக்குத் தெரியும்,
பற்றுச்சீட்டு என் மேசையில்தான் கிடக்கிறது.
ஓரத்தில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது:
முந்நூற்றி எழுபத்தைந்து.
அவர் குனியும்போதெல்லாம்
விலையும் குனிகிறது.
படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டினேன்.
விலையோடு சேர்ந்து
வரம்பில் நின்ற கொக்கும் போயிற்று.

"அண்ணை, கமராவைப் பாக்காதேங்கோ.
மண்ணை ஒருக்கா அள்ளி மணந்து பாருங்கோ."
அள்ளுகிறார்.
என்ன செய்வதென்று தெரியாமல்
மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார்,
சந்தையில் மீனைச் சந்தேகப்படுகிறவர் மாதிரி.
நாலாம் தரம் சரிவந்தது.
அந்த நாலாம் தரத்தின் மேல்தான்
நிகழ்ச்சியின் பெயர் எழுந்து வருகிறது, பச்சை எழுத்தில்.

ஐம்பத்திரண்டு நிமிசம் பேசியிருக்கிறார்.
எனக்கு வேண்டியது ஒன்றரை.
உர விலை போகட்டும்,
விளம்பரம் தருவதே உரக் கம்பனி.
அடகில் இருக்கும் சங்கிலி போகட்டும்,
ஞாயிறு பின்னேரம் ஆர் அதைப் பார்ப்பது?
யானை இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.
யானை தின்ற அரை ஏக்கர் போகட்டும்.

"சிரிக்கிற இடம் ஒன்றும் இல்லையோ?"
தயாரிப்பாளர் வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்.
இருக்கிறது.
எல்லாம் முடிந்து மைக்கைக் கழற்றும்போது
கூச்சத்தில் ஒரு சிரிப்பு.
வெட்டி எடுத்து
"வயல்தான் எங்கட உயிர்" என்பதன் பின்னால் ஒட்டினேன்.
பொருந்தியது.
பதினொரு வருசத்தில்
பொருந்தாத சிரிப்பை நான் கண்டதில்லை.

இனிச் சத்தம்.
தொடக்கத்தில் எங்கேயோ ஒரு மெசின்,
டுக் டுக் டுக்.
"அதைக் கொஞ்சம் நிப்பாட்டலாமோ அண்ணை?
கிராமம் மாதிரிக் கேக்கேல்லை."
நிற்பாட்டப் போகிறார்.
மைக் திறந்திருப்பதை மறந்து
வரம்பில் யாருக்கோ சொல்கிறார்:
"வாடகைப் பம்ப். மணிக்கு அறுநூறு.
ஓடினாலும் காசு, நிண்டாலும் காசு.
பரவாயில்லை,
கொழும்பிலயிருந்து வந்திருக்கினம்."

பிறகு டுக் இல்லை.
வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகும் சத்தம்
இவ்வளவு சின்னதா?
மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
இரண்டு மணி நாற்பது நிமிசம் அந்த அமைதி.
அதன் மேல் புல்லாங்குழலைப் போட்டேன்.
கோப்பின் பெயர் 'கிராமம் 3'.
'கிராமம் 1' குயில்,
'கிராமம் 2' மாட்டுமணி,
இரண்டும் போன வாரம் போட்டாயிற்று.

ஞாயிறு நாலரைக்கு ஒளிபரப்பு.
ஐந்தே காலுக்கு அழைப்பு.
"பிள்ளை, வடிவாயிருந்தது.
அந்தக் குழல் ஆர் வாசிச்சது?"
கணினி என்று சொல்ல வாய் வரவில்லை.
"எங்கட ஆள் ஒருத்தர்" என்றேன்.
"துவாயைப் பாத்து வீட்டில ஒரே சிரிப்பு.
திருப்பி அனுப்பவோ?"
"வேண்டாம் அண்ணை, வைச்சிருங்கோ."
அவர் வேறெதுவும் கேட்கவில்லை.
கேட்பார் என்று காத்திருந்தேன்.
பின்னால் டுக் டுக் டுக்.
"சரி பிள்ளை, வைக்கிறன். மணி ஓடுது."

செலவுத் தாளைத் திறந்தேன்.
வாகனம், சாப்பாடு, துவாய்.
அடுத்த வரியில்
ஆயிரத்தி அறுநூறு என்று அடித்தேன்.
எதற்கு என்ற கட்டத்தில்
கோடு துடித்துக்கொண்டே நின்றது.

இசை, என்று எழுதினேன்.
இசைக்கு இங்கே யாரும்
பற்றுச்சீட்டு கேட்பதில்லை.