அரைத் தாங்கி

முதலில் பம்ப் பியூஸைப் பிடுங்கினேன்,
பிறகு சாவியைத் திருப்பினேன்.
குழாயில் மிஞ்சியதைக் குடித்துக்கொண்டு
பதினொரு செக்கன் ஓடியது
இருமியது
நின்றது.
பயப்படாதீங்க மிஸ்ஸி,
அமுக்கம் இறக்கிறதுதான்.

பற்றரியின் கறுப்பு வயரை ஒதுக்கிவிட்டுப்
பின்சீற்றைத் தூக்கினால்
ஊறிய கம்பளத்தில் நெல் முளைத்திருந்தது,
ஒரு விரல் உயரம், வெளிறிப்போய்.
சவளக்கடையிலிருந்து மூட்டை ஏற்றினவராம் கொழுந்தன்.
என்ன செய்ய இதை?
கோழிக்குப் போடுங்க என்றா ஜெசிமா மிஸ்ஸி.
கூடக் கிடந்த கிளினிக் அட்டையை மட்டும்
சேறு துடைத்துப் பைக்குள் வைத்தா.
பெயர்க் கோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாலு திருகாணி. ஒன்று தலை முறிந்தது.
தகட்டை நீக்கி, வளையத்தை
மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி;
இரும்பை இரும்பு தொடக்கூடாது இந்த இடத்தில்.
செவுளில் பிடித்துக் கொடுவாவைத் தூக்குவதுபோல்
சாய்த்து எடுத்தேன் பம்பை.
மிதவையின் கை இறுகிப்போயிருந்தது பாதியில்.
ஓ, எப்பவும் அரைத் தாங்கி எண்டுதான் காட்டும்,
பெற்றோலுக்கு மூணு நாள் வரிசையில நின்டேனே,
அப்பவும் அரைத் தாங்கி.

உறிஞ்சி ஒரு சோடாப் போத்தலில் வார்த்துக் காட்டினேன்.
கீழே கிட்டங்கி, மேலே பெற்றோல்,
நடுவில் மயிரிழையாய் ஒரு கோடு.
பாலத்துக்கு மேலால வெள்ளம் பாயக்க
ஏன் மிஸ்ஸி இறக்கினீங்க வண்டியை?
நாவிதன்வெளியில ஒருத்திக்கு நோவு கண்டிருந்த.
மறுகா எப்படிப் போனீங்க?
உழவு மெஷின்ல.
பிள்ளை?
எனக்கு முந்தியே வந்திட்டு.
மூணு கிலோ நூறு.

தாங்கியை இறக்காமல் சேறு போகாது.
காட்போட் மட்டை விரித்து அடியில் கிடந்து
ஜாக்குக்கு மேல் பலகை கொடுத்து
பட்டி இரண்டையும் தளர்த்த
என் நெஞ்சுக்கு நேரே இறங்கியது,
நினைத்ததைவிடப் பாரமில்லாமல்.

வெளியில் நெருப்புப்பெட்டி உரசும் சத்தம்.
நிஸ்தார்! அணை அதை!
வெறும் தாங்கிதானே மச்சான்.
நிறைந்தது எரியும், மடையா.
வெறுமைதான் வெடிக்கும்.
சொன்ன பிறகுதான் என் கை நடுங்கியது.
அவன் சிகரட்டை மணலில் குத்திவிட்டு
பெரிய கதை என்று முணுமுணுத்துப் போனான்.

வாய் திறந்தபடி தாங்கி காற்றாடக் கிடக்கிறது,
மதிலுக்கு அந்தப் பக்கம், அடுப்புக்குத் தூரமாய்.
பம்ப் மட்டக்களப்பால வரணும்,
செவ்வாய் ஆகும் என்றேன்.
திங்கள் ஒருத்திக்கு நாள் இருக்கே.

என் மோட்டச்சைக்கிள் சாவியைக் கொடுத்தேன்.
அதிலயும் முள்ளை நம்பாதீங்க மிஸ்ஸி,
மூடியைத் திறந்து
ஆட்டிப் பாருங்க.