உயிருடன் உள்ளார்

அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகம்.
ஜன்னல் வழியே கோணாவத்தைப் பக்கத்து மழை.
எல்லாப் பிரிவுக்கும் ஒரே வரிசை,
என் துண்டில் நாற்பத்தொன்று.
ஓய்வூதியம் தொடர வேண்டுமென்றால்
வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து காட்ட வேண்டும்
இன்னும் சாகவில்லை என்று.

நான்கு நாடுகளில்
நற்சான்றுப் பத்திரம் கையளித்தவன் நான்.
ஓரிடத்தில் ஆறு குதிரை பூட்டிய வண்டி.
இன்னோரிடத்தில் மின்தூக்கி பழுது,
ஏழு மாடி ஏறி
மூச்சிரைப்போடே "மேன்மை தங்கியவரே" என்றேன்.
எவரும் கேட்டதில்லை
உயிரோடுதான் இருக்கிறாயா என்று.

"ஐடென்டி கார்ட், சேர்."
பஸ்மிலா என்று பெயர்ப்பட்டை. சின்னப் பிள்ளை.
"உதுமாலெவ்வை அப்துல் வதூத்.
வெளிநாட்டுல என்ன வேல?"
"எம்பஸியில."
"டிரைவரா?"
சிரித்தேன். திருத்தவில்லை.
திருத்தாமல் சிரிப்பதற்குத்தான்
முப்பத்தொரு வருடம் சம்பளம் தந்தார்கள்.

நாற்பத்திரண்டாம் இலக்கத்துக்காரி
அதைக் கேட்டுவிட்டாள்.
ஒலுவில்காரி. கடல் தின்றது போக
நாலு தென்னை மிஞ்சிய வளவு, அவளே சொன்னாள்.
"எந்த நாட்டு எம்பஸி?"
மூன்றாவது நாட்டின் பெயரைச் சொன்னேன்.
இங்கே எழுத மாட்டேன், பழக்கதோஷம்.

பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பை.
அதற்குள், மடிப்பு மடிப்பாய்
கிழியத் தொடங்கிய தாள்.
மகள் மர்ஜானா. வயது இருபத்தாறு.
வீட்டுப் பணிப்பெண்.
மரணக் காரணம், இயற்கை.
அடியில் பச்சை மை.
அந்தக் கட்டடத்தில் பச்சை மை
என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த வாரத்தை நினைத்துப் பார்த்தேன்.
சுதந்திர தின விருந்துக்கு
முந்திரிப் பருப்பு வந்து சேராமல் பெரிய அமளி.
தேயிலைக்காரர் குழு ஒன்று,
அவர்களுக்கு ஹோட்டல் அறை பிடிக்கவில்லை.
வியாழன் பின்னேரம் கோப்புகள் ஒன்றாக வரும்,
பதினொன்றோ பன்னிரண்டோ.
மஞ்சள் துண்டு ஒட்டி
அம்புக்குறி போட்டிருப்பார்கள்.
அம்பு காட்டிய இடத்தில் ஒப்பமிடுவேன்.
பிறகு தேநீர்.

"எனக்கு இங்கிலீசும் தெரியா, அறபும் தெரியா.
ஏழு வருசமா ஆளுக்கொரு கதை சொல்றாங்க.
நீங்க அங்க இருந்த ஆள்,
வாசிச்சுச் சொல்லுங்க."

இல்லை என்பதை
ஐந்து மொழியில்
ஆம் போல ஒலிக்கச் செய்த நாக்கு இது.
ஒலுவில் தமிழில் ஒரு சொல்லுக்கு அலைந்தது.
"தானா மௌத்தானதாம்."
"தானாவா?"
"அப்பிடித்தான் போட்டிரிக்கி."
"பொறகு ஏன்
பெட்டியத் துறக்க வேணாமெண்டு சொன்ன?"

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த
வசனம் ஒன்று உண்டு,
விடை இல்லாத கேள்விக்கெல்லாம்:
தங்கள் கரிசனை கவனத்தில் எடுக்கப்பட்டது.
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
அவள் விரல் தாளின் அடிக்குப் போனது.
"இந்தக் கையெழுத்து யார்ட?
வெள்ள மட்டைய வெச்சி
எத்தின தரம் பாத்திரிப்பன்.
வால் நீட்டி, மீன்முள்ளு மாதிரி."

"சேர், இதுல சைன் வைங்க."
பஸ்மிலா படிவத்தைத் தள்ளினாள்.
மேற்படி நபர் என் முன்னிலையில் தோன்றினார்.
உயிருடன் உள்ளார்.

சட்டைப் பையில் என் பேனா.
"நீலப் பேனை இருக்கா, மகள்?"
அவளுடையது எழுதவில்லை. உதறிப் பார்த்தாள்.
"எந்த மையெண்டாலும் பரவாயில்ல, சேர்."

கை தன் பாட்டில் போட்டது,
முப்பத்தொரு வருடம் போட்டபடி,
கடைசி எழுத்திலிருந்து
வால் நீள.

மழை விட்டிருந்தது.
"நாப்பத்திரெண்டு" என்று கூப்பிட்டாள் பஸ்மிலா.
இன்னொரு தரம் கூப்பிட்டாள்.
பக்கத்துக் கதிரையிலிருந்து
யாரும் எழும்பவில்லை.