நூற்று நாற்பத்து மூன்று லிண்டால்வா

பெலேம் படகுத்துறையில்
மழைக்கு யாரும் மணி பார்ப்பதில்லை.
மழை வந்தால் மணி மூன்று.
தட்டைத் தார்ப்பாயால் மூடுவேன்.
கார்டு மெஷினுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை,
ரொட்டி வாங்கி வந்த பை.
பைக்கு மேலேயே எண்களை அழுத்த
எல்லோரும் பழகிவிட்டார்கள்.

சோப்புக்கட்டி அளவுதான். நீலம்.
என் போனோடு அது என்ன பேசுகிறது,
எப்படிப் பேசுகிறது, எனக்குத் தெரியாது.
அக்கா மகன் ஜோசியேல் பதிந்து கொடுத்தான்.
கடையின் பெயர் என்ன என்று கேட்டது திரை.
கழுத்தில் தொங்கும் தட்டுக்கு ஏது பெயர்?
லிண்டால்வா என்று என் பெயரையே தட்டிவிட்டான்.
அன்றைக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

கூப்புவாசு மிட்டாய், ஒன்று நாலு ரெயால்.
உள்ளே புளிப்புப் பழத்தின் சதை, வெளியே சாக்லேட்.
நாலு ரெயாலுக்குக் கார்டா என்று சிரித்தவள்தான் நானும்.
இப்போது வேர்க்கடலைப் பையனிடமும் மெஷின்.

பென்ஷன்காரர் வால்டெமிருக்கு
அக்கரைத் தீவுக்குப் போகும் மூன்றேகால் படகு.
மழையில் சிக்னல் செத்துப்போகும்.
நான் போனை வானத்துக்குத் தூக்குவேன்,
அவர் குடையை மெஷினுக்குப் பிடிப்பார்.
அவர் வழுக்கையில் மழை வழியும்.
பீப் என்றதும்
தூண்டிலில் ஏதோ மாட்டியதுபோல் இருவரும் சிரிப்போம்.
சில நாள் எட்டு ரெயால்.
இன்னொன்று வீட்டுக்கு, என்பார்.

மார்ச்சில் அவர் வரவில்லை.
மெஷினுக்கு அது தெரியாது, எனக்குத் தெரிந்தது.

மே மாதம் ஓர் அம்மாள்,
நாலாய் மடித்த வங்கித் தாளோடு
துறையில் இருந்த பெண்களையெல்லாம்
பெயர் கேட்டுக்கொண்டே வந்தாள்.
என்னிடம் வந்ததும் தாளை விரித்தாள்.
மஞ்சள் மையால் கோடு, கோடு, கோடு.
"நூற்று நாற்பத்து மூன்று லிண்டால்வா.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.
யாரடி நீ?"

என்னைப் பார்த்தாள்.
வீங்கிய கால், விழுந்த முன்பல், தட்டு.
பிறகு தொகையைப் பார்த்தாள்,
முதல் தடவை பார்ப்பதுபோல்.
"நாலு ரெயாலா?"
நாலுதான்.
"எட்டு என்று இருப்பது?"
உங்களுக்கு என்று ஒன்று வாங்குவார்.
"என் வீட்டுக்கு ஒன்றுகூட வந்ததில்லை."
படகில் நாற்பது நிமிஷம் ஆகும் அம்மா.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"கால் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை.
டாக்டரிடம் சத்தியம் செய்தார், இனிப்பே தொடவில்லை என்று.
நானும் பக்கத்தில் நின்று சத்தியம் செய்தேன்."

கைக்காசாக இருந்திருந்தால்
காசோடு போயிருக்கும்.
என் போனிலும் இருக்கிறது அந்தப் பட்டியல்,
தேதி, மணி, நிமிஷம்,
குடை பிடித்ததைத் தவிர எல்லாமும்.
அவர் கேட்டார், நான் விற்றேன்.
எனக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
முதல் எட்டு ரெயாலன்றே
செருப்பு கிழிந்த அந்தக் கட்டைப் பார்த்திருந்தேன்.
சொல்லவில்லை.

ஓஸ்மரினா என்றாள் தன் பெயரை, கேட்காமலே.
"ஒன்று கொடு."
கார்டை எடுத்தாள்.
மெஷின் பச்சையாக விழித்தது.
கொஞ்சம் யோசித்துவிட்டுக் கார்டை உள்ளே வைத்து
பையின் அடியைத் துழாவினாள்.
ஈரமான காசுகள், நாலு,
ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில்.

"என் கணக்கை மகள் பார்க்கிறாள்," என்றாள்.
"எனக்கும் சர்க்கரைதான்."

கொடுப்பதா என்று நான் நின்றேன்.
தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.
யாரும் தொடாததால்
பைக்குள் மெஷின் தானே அணைந்தது.
மூன்றேகால் படகு ஊதியது.